பதினான்காம் இலக்கக் கழுத்து

ஹம்டன் ஒழுங்கை,
வெள்ளவத்தை.
12.07.1998

தம்பி சிவபாதசுந்தரத்துக்கு,

நடந்த பிழையை முதலில் எழுதுகிறேன். சுகம் விசாரிப்பது பிறகு.

சென்ற வருடம் மாசி மாதம் உன் ஆராய்ச்சிக்கூடத்தில் என்னைக் காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்துக் கழுத்தைப் படம் எடுத்தாய். கழுத்துக்குள் முள்ளந்தண்டு வடம் நசிந்திருப்பதைக் கண்டாய். கண்டதை எனக்குச் சொல்லாமல் விமானம் ஏற்றி அனுப்பினாய். பிறகு அந்தப் படத்தை ஊர் உலகத்துக்கெல்லாம் அச்சடித்துக் காட்டினாய். இதுதான் பிழை.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். கட்டுரை வெளிவரும்போதெல்லாம் எனக்கு ஒரு பிரதி அனுப்புகிறாய். அக்கா உன் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு அலுமாரியில் வைப்பாள் என்று நினைத்திருக்கிறாய். நான் எல்லாவற்றையும் வாசிக்கிறவள். எட்டாம் வகுப்போடு ஐயா என்னை மறித்தார். உன்னைத் தொடர்ந்து படிக்கவைத்தார். ஆங்கிலமும் தட்டச்சும் எனக்கு ஒருவரும் சொல்லித்தந்ததில்லை. மருதானைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய மருத்துவ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு உன் ஒன்பது பக்கத்தையும் பதினொரு நாளில் வாசித்து முடித்தேன்.

ஆஸ்பத்திரிகளில் உள்ளதைவிட இரண்டு மடங்கு வலிமையான காந்தம் என்கிறாய். வடத்துக்குள் சாம்பல் எது, வெள்ளை எது என்று பிரித்துக் காட்டுமாம். வடம் நசிந்தும் அறிகுறி இல்லாமல் நடமாடும் முதியவர்களை அதில் அறியலாமாம். நல்ல வேலை. அதில் நான் குறை சொல்லவில்லை.

மூன்றாவது படத்துக்கு வருகிறேன். பதினான்காம் இலக்கம், அறுபத்தைந்து வயதுப் பெண், அறிகுறிகள் எவையும் இல்லை. ஐந்தாம் ஆறாம் எலும்புகளுக்கு நடுவே வடம் சப்பையாகிக் கிடக்கிறது. தொண்டைக்குழிக்கு முன்னால், உடம்புக்கு வெளியே, அவரை விதை அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. அது என்னவென்று நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன். அது உன் மனைவி கௌரி குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த பச்சை மஞ்சள் துண்டு.

கழுத்தில் உலோகம் இருக்கக்கூடாது என்று உன் ஆட்கள் சொன்னார்கள். வீட்டைப் பார்த்து வருகிறேன் என்று யாழ்ப்பாணம் போன இவர், உன் அத்தான், தொண்ணூற்றைந்து இடம்பெயர்வில் வன்னிக்குள் போனார் என்பதற்குமேல் ஒரு தகவலும் இல்லை. அந்த நிலையில் தாலியைக் கழற்றினால் அதற்கு என்ன அர்த்தம்? நூலில் மஞ்சளைக் கட்டியபிறகுதான் கழற்றினேன். கட்டையான நூல், தொண்டையோடு ஒட்டிக் கிடந்தது. மஞ்சளில் ஈரம் இருக்கிறது. காந்தம் ஈரத்தைத்தான் காண்கிறது என்று நீயே இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்.

பதில் எழுது. நீயும் கௌரியும் சுகமாக இருப்பீர்கள். என் சுகம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

அக்கா
அன்னபாக்கியம்


ரொறொன்ரோ
30.08.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்துக்கு நாளும் வேண்டுகிறோம். கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகிறது. கூட்டங்களால் உடனே எழுத முடியவில்லை. கொழும்பில் சோதனை கடுமை என்று செய்தியில் கேட்கிறோம். அடையாள அட்டை இல்லாமல் வெளிக்கிடாதீர்கள்.

படங்களை நாங்கள் இலக்கமாகவே பார்ப்போம். எந்த இலக்கம் எவர் என்ற பட்டியல் வேறொருவரிடம் பூட்டியிருக்கும். ஆகவே பதினான்கு நீங்கள்தான் என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியாது. பொதுவாக ஒன்று சொல்லலாம். வயதானவர்கள் பலருக்கு இப்படி நசிவு இருக்கும். பலர் ஆயுள் முழுக்க ஒரு குறையுமில்லாமல் வாழ்ந்து முடிப்பார்கள். அவர்களிடம் சொல்லிப் பயப்படுத்துவது நல்லதா என்பது எங்கள் துறையில் இன்னும் முடியாத வாதம்.

எதற்கும் நீங்கள் கழுத்தைப் பின்னுக்குச் சாய்க்கவேண்டாம். பஸ்ஸில் நின்றுகொண்டு போகவேண்டாம். தலையணை ஒன்றுக்கு மேல் வைக்கவேண்டாம்.

அத்தானைப் பற்றி ஏதும் அறிந்தீர்களா?

அன்புடன்
சிவபாதம்


வெள்ளவத்தை
19.09.1998

தம்பிக்கு,

இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள்.

பதினான்கு நான் இல்லையென்றால் என் தலையணையை ஏன் எண்ணுகிறாய்?

படம் எடுப்பதற்கு நாலு நாள் முன்பு, உன் வீட்டுச் சமையலறை. கோட்டுப் பொத்தானைப் பூட்ட முடியாமல் நின்றேன். "விரல் சொல்லுக் கேக்குதில்லையடா" என்றேன். "குளிர் அக்கா, முதல் குளிர்காலத்தில எல்லாருக்கும் அப்பிடித்தான்" என்று சொல்லி நீயே பூட்டிவிட்டாய். நினைவிருக்கிறதா? கொழும்பில் குளிர் இல்லை. இங்கேயும் விரல் சொல்லுக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் தைக்கிற ஸமீமா காலையில் வந்து என் சட்டைக் கொக்கிகளைப் பூட்டிவிட்டுப் போகிறாள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு மனுத் தட்டச்சுச் செய்துகொடுக்கிறவள் நான். ஒரு பக்கம் அடிக்க அரை மணி எடுத்தேன். இப்போது அரை நாள் எடுக்கிறேன். நடந்தால் பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது. இங்கே பார்த்த டொக்டர் ஒரு வருடமாக விற்றமின் குளிசை தந்தார். கழுத்தைப் பாருங்கள் என்று சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால் அவர் பார்த்திருப்பார். தெரிந்தவன் நீ.

உன் கட்டுரையை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே பேர்னாட் என்று ஒருவர், முப்பது வருடம் எக்ஸ்ரே எடுத்து ஓய்வுபெற்றவர். மூன்றாவது படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"அன்னமக்கா, இந்த மனுசி நடக்குதோ?"

"நடக்குது. உங்கட கதிரையிலதான் இருக்குது."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்ப கெதியா வெட்டுவிக்கச் சொல்லுங்கோ."

"அறிகுறி ஒண்டும் இல்லையெண்டு தம்பி எழுதியிருக்கிறான்."

"தம்பி ரொறொன்ரோவில இருந்துகொண்டு உங்கட கொக்கியைப் பூட்டுவாரோ?"

அவரே என்னை ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் கூட்டிப்போனார். நசிவு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் எப்போது வெட்டுவது என்று முடிவெடுப்பாராம். அதற்கு முதல் எடுத்த படங்கள் வேண்டும் என்றார். அவற்றை அனுப்பு. "அறிகுறிகள் எவையும் இல்லை" என்ற வரி பொய் என்று உன் சஞ்சிகைக்கு எழுது. இரண்டும் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விழுங்க நான் விடமாட்டேன்.

இவரைப் பற்றி ஒன்றும் இல்லை.

அக்கா


ரொறொன்ரோ
02.11.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே இலையெல்லாம் கொட்டிவிட்டது.

படங்களை வெளியே கொடுக்க ஒரு குழுவின் அனுமதி வேண்டும். விண்ணப்பித்திருக்கிறேன். திருத்தம் என்பது நீங்கள் நினைப்பதுபோலச் சின்ன விடயமல்ல. அறிகுறி இல்லாதவர்கள் பத்தொன்பது பேர்தான். ஒருவரை எடுத்தால் முடிவே ஆடும். என்னோடு எழுதியவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள்.

நீங்கள் இங்கே வாருங்கள். விசாவுக்கு எழுதுகிறேன். இங்கே பார்ப்போம்.

சிவபாதம்


வெள்ளவத்தை
28.11.1998

தம்பிக்கு,

எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள். இரண்டு விரல் சேர்ந்து இரண்டு எழுத்தை அடிக்கிறது. சுகம் என்று எழுத இன்று மனமில்லை.

போன செவ்வாய் சந்திச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். "அம்மே, ஐடென்டிடி கார்ட் எக்க" என்றான் ஆமிக்காரன். கைப்பைக்குள் அட்டை தட்டுப்படுகிறது, விரலில் பிடிபடவில்லை. என் நடையையும் அவன் பார்த்திருக்கிறான். கால் விறைத்து, கை விறைத்து, சேலைக்குள் எதையோ கட்டிக்கொண்டு வருகிறவளைப்போல. துவக்கை நீட்டிக்கொண்டு "ஒளுவ உஸ்ஸன்ன" என்று கத்தினான். தலையை நிமிர்த்தினேன். கழுத்திலிருந்து குதிக்கால் வரைக்கும் மின்சாரம் அடித்தது. அப்படியே தார் ரோட்டில் விழுந்தேன். ஒருவரும் கிட்ட வரவில்லை. வெடிக்கும் என்று எல்லாரும் விலகி நின்றார்கள். அறுபத்தாறு வயதில் என்னைக் கண்டு ஒரு சந்தி முழுக்கப் பயந்தது.

ஸமீமாதான் ஓடிவந்து சிங்களத்தில் அவர்களைக் கிழித்தாள். தூக்கிக்கொண்டு வரும்போது, "ஆன்டி, ஒங்கட கழுத்தும் ஒங்களப் போலத்தான். வளயச் சென்னா வளயிற இல்ல" என்றாள். சிரித்தேன். சிரித்தாலும் வலிக்கிறது.

விசா வேண்டாம். நான் அங்கே மூன்று மாதம் இருந்தேன். உன் குழாய்க்குள்ளேயே படுத்திருந்தேன். அப்போது சொல்லாதவன் இப்போது வா என்கிறாய். இவரிடமிருந்து செஞ்சிலுவைக் கடிதம் வந்தால் இந்த விலாசத்துக்குத்தான் வரும். நான் அசையமாட்டேன்.

குழு என்ன சொன்னது?

அக்கா


ஸ்கார்பரோ
20.12.1998

அன்புள்ள மச்சாளுக்கு,

கௌரி எழுதுகிறேன். உடம்பு எப்படி என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நான் எழுதுவது இவருக்குத் தெரியாது.

நீங்கள் விழுந்த கடிதத்தை வாசித்துவிட்டு இவர் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார். பதில் எழுதத் தொடங்குவதும் கிழிப்பதுமாக இருக்கிறார். அதனால் நான் எழுதவேண்டியதாயிற்று.

பட்டியல் பூட்டியிருந்தது என்று இவர் எழுதியிருப்பார். உண்மை அதுவல்ல. படம் எடுத்த அன்றே கண்டுவிட்டார். நீங்கள் உள்ளே உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தீர்கள். வாகனத் தரிப்பிடத்தில் நான் காரைச் சூடாக்கிக்கொண்டு இருந்தேன். வந்து கதவைத் திறந்து, "கௌரி, அக்காவின்ர கழுத்து மோசமாக் கிடக்குது. இங்கயே வைச்சுக் காட்டவேணும். ஒரு வருசமாவது பிடிக்கும்" என்றார்.

நான்தான், "முதல்ல ஊருக்குப் போய் வரட்டும், பிறகு பாப்பம்" என்றேன்.

மச்சாள், நீங்கள் வந்து இரண்டு மாதமாகியிருந்தது. சொதியில் உப்பு, தேநீரில் சாயம், நான் துணி மடிக்கிற விதம், பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் கதைப்பது, ஒவ்வொரு நாளும் ஒன்றைத் திருத்தினீர்கள். இன்னுமொரு வருடம் என்றதும் எனக்கு மூச்சடைத்தது. நீங்கள் காருக்குள் ஏறி, "படம் வடிவா வந்ததோ?" என்று கேட்டீர்கள். இவர் என்னைப் பார்த்தார். பிறகு "ஓம் அக்கா" என்றார்.

மன்னிப்புக் கேட்கிறேன். இவரை மட்டும் பிழை சொல்லாதீர்கள்.

கௌரி


வெள்ளவத்தை
14.01.1999

கௌரிக்கு,

இன்று பொங்கல். ஸமீமா அடுப்பை மூட்டித் தந்தாள். ஒரு சுண்டு அரிசி பொங்கி ஒருத்தியாகச் சாப்பிட்டேன். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

உன் சொதியைத் திருத்தியது உண்மை. அதில் உப்புக் கூட. அதற்கு என் கழுத்தா விலை?

அக்கா எப்போது போவாள் என்று நீ நாளை எண்ணியது எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் விசா முடிய இரண்டு கிழமை இருக்கவே வெளிக்கிட்டேன். என்னை ஒருவரும் சுமக்க வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் வெளிக்கிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் விமான நிலையத்தில் அழுதது பிரிவுக்கு என்று நம்பினேன்.

மன்னிப்பு என்னிடம் இல்லை. உண்மை எழுதினாய், அதற்காக இந்தக் கடிதம். இதை அவனுக்குக் காட்டு.

அன்னபாக்கியம்


ரொறொன்ரோ
09.02.1999

அக்காவுக்கு,

நலம் கேட்டு எழுத எனக்கு முகமில்லை.

அன்று இயந்திரத்தின் முன்னால் இருந்தது நான்தான். திரையில் வடம் வந்ததும் கண்டேன். சப்பையான இடத்துக்குள்ளே ஒரு வெளிச்சப் புள்ளி இருந்தது. அப்படிப் புள்ளி இருந்தால் வடம் ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் காந்தத்தில்தான் அது அவ்வளவு தெளிவாகத் தெரியும். எத்தனையோ மாதம் அதைத் தேடிக்கொண்டிருந்தோம். அறிகுறி இல்லாத ஒருவரிடம் அது கிடைத்தால் பெரிய விடயம்.

அறிகுறி கேட்கும் படிவத்தை நானே நிரப்பினேன். உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொத்தானைச் சொல்லியிருப்பீர்கள்.

குழுவுக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை. படத்துக்கு உரியவர் கேட்டால் அனுமதி தேவையுமில்லை. எல்லாப் படத் தாள்களையும் கொழும்புக்கு வரும் ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். பத்து நாளில் கையில் தருவார். சத்திரசிகிச்சை இனித் தாமதிக்கக்கூடாது. கூடுவதை அது நிறுத்தும். போனதெல்லாம் திரும்பி வருமென்று சொல்ல முடியாது. போன வருடம் செய்திருந்தால் நிறையத் திரும்பியிருக்கும்.

சஞ்சிகைக்குத் திருத்தக் கடிதம் எழுதிவிட்டேன். உறையில் போட்டு மேசையில் வைத்திருக்கிறேன். இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. அனுப்பினால் இந்த ஆய்வுகூடத்தில் எனக்கு இடமிருக்குமா என்று தெரியவில்லை. அக்கா, நீங்கள் சொன்னால் அனுப்புகிறேன்.

சிவபாதம்


வெள்ளவத்தை
07.03.1999

தம்பிக்கு,

சொல்வது நான், எழுதுவது ஸமீமா. அவள் தன் சொல்லைச் சேர்த்தால் அடைப்புக்குறிக்குள் போடவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். (சரி ஆன்டி.)

படங்கள் வந்தன. டொக்டர் பழையதையும் இங்கே எடுத்த புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இரண்டு வருடத்துக்கு முன் இதை யார் பார்த்தது?" என்று கேட்டார். "என்ர தம்பி" என்றேன். அவர் நாட்காட்டியை எடுத்தார். இம்மாதம் இருபத்திரண்டாம் திகதி நாள் குறித்திருக்கிறார்.

உன் கடிதத்தில் கௌரியின் பெயர் இல்லை. பழியை அவள்மேல் போடலாம், நீ போடவில்லை. உன் கடிதங்களில் ஒழுங்கான காரியம் அது ஒன்றுதான். ஆனால் "நீங்கள் சொன்னால் அனுப்புகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்தபோதுதான் எனக்கு மெய்யாகக் கோபம் வந்தது. மறைக்கக்கூடாததை யாரைக் கேட்டு மறைத்தாய்? சொல்லவேண்டியதற்கு மட்டும் ஏன் என் உத்தரவு? உன் இடம் போகலாம். என் கை போய்விட்டது. உன் கட்டுரையை நம்பி, வடத்தில் புள்ளி இருந்தும் அறிகுறி இல்லாமல் இருக்கலாம் என்று எங்கேயோ ஒரு டொக்டர் யாரோ ஒரு கிழவியை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருப்பான். அவளுக்குக் கொக்கி பூட்டிவிட ஆள் இருக்குமோ தெரியாது. (நான் இல்லாட்டி இவங்க என்ன செஞ்சிருப்பாங்க, கேளுங்க.)

இனி நடக்கவேண்டியவை:

டொக்டர். கழுத்தை முன்பக்கமாகத் திறந்து, வடத்தை நெரிக்கும் எலும்பை எடுக்கவேண்டும். கை திரும்பும் என்று எனக்கு வாக்குத் தரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கால் நிற்கட்டும்.

பேர்னாட். விடிய வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவேண்டும். வெளியே இருக்கவேண்டும். செபமாலை உருட்டலாம், எனக்குக் கேட்கக்கூடாது.

ஸமீமா. என் வீட்டைப் பூட்டித் திறப்பை வைத்திருந்து, தபால்காரன் வரும் நேரத்தில் வாசலில் நிற்கவேண்டும். செஞ்சிலுவை முத்திரையோடு ஏதும் வந்தால் பிரித்து வாசித்துவிட்டு, நல்லதென்றால் உடனே கொண்டுவரவேண்டும். கெட்டதென்றாலும் உடனே கொண்டுவரவேண்டும். ஒளிக்கக்கூடாது. (ஒளிக்க மாட்டன்.)

கௌரி. ஒன்றும் செய்யவேண்டாம். ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து அழவேண்டாம்.

நான். சம்மதப் படிவத்தில் "கணவர் அல்லது நெருங்கிய உறவினர்" என்று ஓர் இடம் இருக்கிறது. உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று தாதி கேட்டாள். பேனையை விரலோடு சேர்த்துக் கட்டிவிடச் சொல்லி அந்த இடத்தில் நானே கையெழுத்து வைக்கவேண்டும்.

நீ. அந்த உறையை எடுக்கவேண்டும். உங்கள் வீட்டு மூலையில் சிவப்புத் தபாற்பெட்டி இருக்கிறது, இவரைத் தேடி எழுதின கடிதங்களை நான் போட்ட பெட்டி. வாசலில் இருந்து எழுபது அடி. அதுவரைக்கும் நடக்கவேண்டும். பெட்டியின் வாயைத் திறந்து, உள்ளே விட்டு, விழுந்த சத்தம் கேட்டபிறகு திரும்பவேண்டும். வேறொருவரிடமும் கொடுத்துவிடக்கூடாது.